'பாப்போம்' என்றவர்கள்

துபாயிலிருந்து வந்த மாமா, இனிமேல் பயணம் போவதில்லை என்று அறிவித்தபோது எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பியான அவர் அங்கே ஐந்து வருடம் ஜூஸ் கடையில் வேலை பார்த்தவர்; மகள் பிறக்குமுன் ஒருமுறை லீவில் வந்துபோனதோடு சரி. வந்த அன்று, மூன்று வயது மகள் அவரைக் கண்டதும் அத்தையின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். போனில் தெரியும் அப்பா வேறு, இந்த ஆள் வேறு என்று நினைத்திருக்கிறாள். அவள் அவர் மடியில் வந்து உட்கார ஒரு மாதம் ஆனது. அதன் பிறகு அவளை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. இலுப்பூர் கடைத்தெருவிலேயே பட்டர் ஃப்ரூட் ஜூஸ் கடை போடுவது என்று முடிவு செய்தார்.

மாமா முன்யோசனைக்காரர். ஊருக்கு வேண்டுமா என்று தெரிந்துகொண்டுதான் முதல் போடுவேன் என்று சொல்லி, அந்த ஆராய்ச்சியை என்னிடம் ஒப்படைத்தார். ஒரு தூக்கு நிறைய ஜூஸ், நாலு டம்ளர், ஒரு நோட்டு. நோட்டில் 'வேணும்', 'வேணாம்' என்று இரண்டு கட்டம். விலையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. மாமாவே இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு தேடி வந்த பிள்ளையிடம் யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். குடித்தார்கள், நன்றாயிருக்கிறது என்றார்கள். கடை வந்தால் வாங்குவீர்களா என்று கேட்டால், "போடட்டும் ஆத்தா, பாப்போம்" என்றார்கள். 'பாப்போம்' என்பதற்கு என் நோட்டில் கட்டம் இல்லை. வேணாம் என்று சொல்லவில்லையே என்று அத்தனையையும் 'வேணும்' கட்டத்தில் போட்டேன். எதிர்க்கட்டத்தில் ஒரு சர்க்கரை வியாதிக்காரர் மட்டும் விழுந்தார். நோட்டைப் பார்த்த மாமா, "நீ கலெக்டராயிருவ" என்றார்.

கடை திறந்தது. பழம் திருச்சியிலிருந்து வரவேண்டும். ஒரு டம்ளர் ஜூஸ் எண்பது ரூபாய்க்குக் கீழே கட்டாது. இரண்டு கடை தள்ளி பத்து ரூபாய்க்கு நன்னாரி சர்பத். முதல் நாள் தெருவே வந்து வாழ்த்தியது, விலைப்பலகையைப் படித்தது, "பாப்போம் தம்பி" என்று சொல்லிவிட்டு சர்பத் கடைக்கு நகர்ந்தது. மாமா விலையை அறுபதாக்கினார். கொஞ்சம் பேர் வந்தார்கள், கூடவே நட்டமும் வந்தது. பழங்கள் யாருக்காகவும் காத்திருக்காமல் கறுத்தன. கறுக்குமுன் மிஞ்சியதை நாங்களே குடித்தோம். எனக்கு இன்றுவரை அந்த வாசனை ஆகாது.

ஆறு மாதத்தில் கடையை மூடினார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. எனக்கு ஊர் மேல்தான் கோபம், இத்தனை பேர் பொய் சொல்லிவிட்டார்களே என்று. தேவை என்றால் ஆசை மட்டுமல்ல, கொடுக்கப் பணமும் கொடுக்க மனமும் சேர்ந்ததுதான் என்று கல்லூரியில் பொருளாதாரத்தின் முதல் பாடத்தில் சொன்னார்கள். மாமா அந்தப் பாடத்தைத் தன் சொந்தச் செலவில் எனக்கு முன்பே நடத்திக் காட்டியிருந்தார். நான்தான் கவனிக்கவில்லை.

கடை மூடிய கையோடு மாமாவுக்கு மறுபடியும் விசா வந்தது. ஏர்போர்ட் போக வாசலில் கார் நின்றது. மகள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தீவாளிக்கு வந்துருவியாப்பா?"

மாமா பெட்டியைப் பார்த்துக்கொண்டே, "பாப்போம்த்தா" என்றார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அதான் வாரேன்னு சொல்லிட்டாங்கள்ல, விடு" என்று நான்தான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.