ஆறு கோடும் மூன்று விரலும்

கிட்டார் வாசிக்க எழுதிவைக்கும் குறிப்புக்கு டேப்லேச்சர் என்று பெயர். ஓசூரில் நாங்கள் இருந்த அறையில் அதை முழுதாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை, 'கோடு' என்போம். ஆறு கம்பிக்கு ஆறு கோடு. கோட்டின் மேல் இருக்கும் எண், அந்தக் கம்பியை எத்தனையாவது கட்டத்தில் அழுத்த வேண்டும் என்று சொல்லும். பூஜ்யம் என்றால் அழுத்தாமல் சும்மா மீட்டினால் போதும். இதற்கு மேல் சங்கீத ஞானம் எதுவும் வேண்டியதில்லை. அதனால்தான் எங்களுக்குப் பிடித்தது.

எங்களுக்கு என்றால் எனக்கும் என் அறை நண்பனுக்கும். நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து ஒரு பிரஸ் ஷாப்பில் தகடு அடித்துக்கொண்டிருந்தேன். அவன் பாரூர்க்காரன், வேறொரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தான். கிட்டார் அவனுடையது. கழித்துப் போட்ட டிராயிங் தாள்களின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு இழுப்பான். கொஞ்சம் சாய்ந்தாலும் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பான். இவன் கையில் நாங்கள் அடிக்கும் தகடு சிக்கினால் ஒன்றும் தேறாது என்று கிண்டல் செய்வேன்.

முதல் பாட்டை இருவரும் தலைகீழாகப் படித்தோம். கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் தடித்த கம்பிதானே மேலே இருக்கிறது? ஆகவே மேல்கோடு தடித்த கம்பி என்று முடிவு கட்டினோம். உண்மையில் அது மெல்லிய கம்பி. ஒரு ஞாயிறு முழுக்க அப்படியே வாசித்தோம். கீழ்வீட்டுக் கன்னடக்கார அக்கா மாடிப்படியில் வந்து நின்று, "ஏன் தம்பி, கம்பி அறுந்து போச்சா?" என்று அக்கறையாகவே கேட்டார். அவர் இறங்கிப் போன பிறகு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

இப்போது அவன் ஊரில் நெல்லும் கரும்புமாக இருக்கிறான். நான் இன்னும் ஓசூரில்தான். எதிரெதிர் ஷிப்டில் வாரம் முழுக்க முகம் பார்க்காமல் கிடந்துவிட்டு, ஞாயிறு மதியம் பாயை விரித்து நடுவில் தாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. அவ்வளவு மோசமாக வாசித்துக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு இருந்ததில்லை.

நாங்கள் வாசிக்கத் தொடங்கிய அடுத்த ஆண்டு பிரஸ் என் இடது கை நடுவிரலை வாங்கிக்கொண்டது. மேல் இரண்டு கணுவும் போயிற்று. எப்படி என்று எழுத விருப்பமில்லை. பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் சோறு இறங்காது.

கம்பெனியில் பேக்கிங்குக்கு மாற்றிக் கொடுத்தார்கள். பிழைப்புக்கு வழி ஆயிற்று. கம்பியை அழுத்தும் கைதான் இடது கை. இனி வாசிப்பு அவ்வளவுதான் என்று நினைத்தேன். பல கம்பிகளைச் சேர்த்து அழுத்துவதைக் காட்டும் கார்டு படங்களைப் போனில் திறந்து பார்ப்பேன். அதில் எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்று எண் போட்டிருக்கும். ஆள்காட்டி விரல் ஒன்று, நடுவிரல் இரண்டு. எந்தப் படத்தைத் திறந்தாலும் ஒரு இரண்டு இருந்தது.

"இந்தக் கிட்டார வித்துருடா. பாக்கவே எரிச்சலா வருது" என்றேன் ஒருநாள்.

"கோட்டுல எங்கியாச்சும் விரல் போட்டிருக்குதா மச்சான்? கம்பி இருக்குது, கட்டம் இருக்குது. விரல் உன் இஷ்டம்."

"முழுக்கை இருக்கவன் என்ன வேணாலும் பேசலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வரவில்லை என்றார்கள். போன வேகத்தில் திரும்பினேன். கதவு சாத்தாமல் இருந்தது. பாயில் உட்கார்ந்து, எனக்குப் பிடித்த பாட்டைத் தட்டுத் தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தான். நிறுத்தினான். தாளில் ஒரு எண்ணை அழித்துவிட்டு வேறு கோட்டில் எழுதினான். மறுபடி வாசித்தான். ஒரே ஒலி கிட்டாரில் இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். மெல்லிய கம்பியைச் சும்மா மீட்டினால் வருவது, அதற்கு அடுத்த கம்பியின் ஐந்தாம் கட்டத்திலும் உண்டு. எட்டாத எண்ணை எல்லாம் எட்டும் இடத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறான் என்று புரிந்தது.

அப்புறம்தான் அவன் இடது கையைப் பார்த்தேன். பார்சல் சாம்பாரில் வரும் ரப்பர் பேண்டுகளைப் போட்டு நடுவிரலை மடக்கிக் கட்டியிருந்தான். விரல் சிவந்து வீங்கியிருந்தது. அவனிடம் அப்படிப் பேசிவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது.

"என்னடா இது, ரத்தம் கட்டிருச்சு பாரு."

நிமிர்ந்து பார்த்தான். "வாசிக்கப் போறது நீதான? உன் கைய வச்சுதான எழுதணும்?" என்றான். பிறகு, "கடைசி வரிதான் மச்சான் இன்னும் அமையல" என்றான்.

ரப்பர் பேண்டை நானே உருவி எடுத்தேன். கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"நீ எழுது. நான் தேடுறேன்."