என்ரை காசுக்கு ஒரு கார்

பல்லைக் கடித்துக்கொண்டு நான் சேர்த்த காசில் ஒரு பழைய கார் வாங்கலாமென்று, கணவரை என் ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கடற்கரையோரமுள்ள மயிலிட்டிக்குப் போனேன். அவருக்கு எந்த வாகனமும் ஓடத் தெரியாது. ஆனாலும் விற்பவன் என்ஜின், மைலேஜ், விலை எல்லாவற்றையும் அவருக்கே விளக்கினான். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அக்கா, கலர் பிடிச்சிருக்கோ?"

எனக்கு விசர் வந்தது. காருக்குள் காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கினேன். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்ற். நகத்தால் சுரண்டினேன். கறள் பிடித்த தகடு உதிர்ந்து, ஓட்டைக்குள்ளால் நிலம் தெரிந்தது.

"உது கடற்காத்தாலை வந்தது, அண்ணை. அக்காவுக்கு உதெல்லாம் விளங்காது," என்று அவன் கணவரிடம் சொன்னான்.

கணவர் தலையாட்டி, "ஓம்," என்றார்.

நான் போய் ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணினேன். பின்னால் ஏற வந்தவரிடம், "நீங்கள் பஸ்ஸிலை வாங்கோ," என்றேன்.