லிஃப்ட் விற்பவர் படியேறுகிறார்

என் பெரியப்பா லிஃப்ட் விற்கிறவர். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். பேருந்து, ரயில், லாட்ஜ், கடைச் சாப்பாடு என்று உட்கார்ந்தே காலம் போனதில், எந்த ஊருக்குப் போனாலும் அவருக்கு முன்னால் அவர் வயிறு போய்ச் சேர்ந்துவிடும். போன வருடம் மருத்துவர், "இப்படியே போனா முட்டி தாங்காது. எந்த ஊர்ல இருந்தாலும் உடம்பை அசைங்க" என்றார். பெரியப்பா அதை அறிவுரையாக எடுத்துக்கொண்டார். கூடப் போயிருந்த பெரியம்மா சட்டமாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து பெரியப்பா பயணத்தில் அசைய ஆரம்பித்தார். பேருந்து எங்கே நின்றாலும் இறங்கி அதைச் சுற்றி நடப்பார். ஓட்டுநர் பதறி, "டயர்ல காத்து இல்லையா சார்?" என்று எட்டிப் பார்ப்பார். ரயிலில் பெட்டியின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தால், "வயிறு சரியில்லையா? என்கிட்ட மாத்திரை இருக்கு" என்று யாராவது நீட்டுவார்கள். மறுத்தால் அவர்கள் மனம் நோகுமே என்று ஒரு தடவை வாங்கி விழுங்கியும் விட்டார்.

ஆனால் பெரியம்மாவின் முக்கியமான கட்டளை வேறு. லிஃப்டில் ஏறக் கூடாது. படிதான். காலையிலும் மாலையிலும் சரியாக அவர் படியேறும் நேரத்துக்குப் போன் செய்து, அவருக்கு மூச்சு வாங்கும் சத்தத்தைக் காதால் கேட்பார். "ம், கேக்குது. மேல போங்க" என்று வைத்துவிடுவார்.

லிஃப்ட் விற்க வந்த ஆளே லிஃப்டில் ஏறாவிட்டால் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? இது இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. அந்த வருடம் ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவின. காரணம் புரியாமல் பெரியப்பா தன் கழுத்துப்பட்டியை மாற்றிப் பார்த்தார், மீசையைக் கூட எடுத்துப் பார்த்தார். கடைசியில் மேலாளர் கூப்பிட்டு, "அடுத்து நீங்க போற லாட்ஜ் ஆர்டரும் போச்சுன்னா உங்களை ஆபீஸ்லயே உட்கார வெச்சிடுவேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தாலே உப்பு வாங்க, பிறகு தீப்பெட்டி வாங்க என்று கிளம்பிக்கொண்டே இருப்பவர் பெரியப்பா. அவருக்கு ஆபீஸ் நாற்காலி என்றால் ஜெயில்.

அந்த லாட்ஜ் முதலாளி பக்கத்து மனையில் புதுக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு இரண்டு லிஃப்ட் வேண்டும். பழைய கட்டடத்தில் ஓடுவதும் பெரியப்பாவின் கம்பெனி லிஃப்ட்தான் என்பதால் பேச்சு நன்றாகவே போயிற்று. பெரியப்பாவுக்கு ஐந்தாவது மாடியில் அறையும் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவர் வியர்க்க வியர்க்கப் படியேறுவதை முதலாளி பார்த்துவிட்டார்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. லிஃப்ட் ஓடுதுல்ல?"

"ஜோரா ஓடுது சார்."

"அப்புறம் ஏன் படி? நேத்தும் படியிலதான் போனீங்கன்னு பசங்க சொன்னாங்க. உங்க லிஃப்ட்ல உங்களுக்கே நம்பிக்கை இல்ல. என் தலையில ரெண்டு கட்டப் பாக்குறீங்களா?"

பெரியப்பாவுக்கு அப்போதுதான் பொட்டில் அறைந்தது போல எல்லாம் விளங்கிற்று. "ஐயோ, டாக்டர் சொன்னாரு சார், முட்டி..." என்றார்.

"முட்டி வலிக்குதுன்னா லிஃப்ட்ல போகச் சொல்லுவாங்க. படியேறச் சொல்ற டாக்டரை நான் கேள்விப்பட்டதே இல்ல. வாங்க, இப்பவே என்கூட ஏறுங்க."

வேறு வழியில்லை. இரண்டு பேரும் லிஃப்டுக்குள் போனார்கள். கதவு மூடியதும் போன் அடித்தது. பெரியம்மா.

பெரியப்பா அவசரமாக எடுத்ததில் போன் ஸ்பீக்கரில் போய்விட்டது. மூச்சு வாங்கியாக வேண்டும். போனைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து எழ ஆரம்பித்தார். லிஃப்ட் லேசாகக் குலுங்கியது. முதலாளி சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"என்னங்க, ஏறிட்டிருக்கீங்களா?"

"ஏ...றி...ட்டுதாம்மா... இருக்கேன்."

அந்த நேரம் பார்த்து லிஃப்டுக்குள் இருந்த குரல், "மூன்றாவது தளம்" என்று இனிமையாகச் சொன்னது.

"யாருங்க அது பொம்பள?"

"பொம்பள இல்லம்மா, லிஃப்ட்டு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"லிஃப்ட்டா! இத்தனை நாளும் லிஃப்ட்ல நின்னுக்கிட்டுத்தான் மூச்சு விட்டுக் காட்டினீங்களா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! இனிமே லிஃப்ட்ல கால வெச்சீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க, அந்த லிஃப்ட்லயே குடித்தனம் பண்ணுங்க!"

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனருகே வந்தார். "அம்மா, நான் லாட்ஜ் முதலாளி. அவர் மேல தப்பு இல்ல. நான்தான் சந்தேகப்பட்டு இழுத்துட்டு வந்தேன்."

"அப்படிங்களா? மன்னிச்சுக்குங்க. நீங்க படியேறுவீங்களா?"

"நானா? நான் எங்கம்மா..."

"குரலே சொல்லுதே. ரெண்டு பேரும் இறங்கி நடந்து வாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கி, திரும்ப ஏறி, மறுபடி இறங்கினார்கள். வரவேற்பு மேசையில் சாய்ந்தபடி முதலாளி ஒப்பந்தத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும் முன்னால் ஒரு திருத்தமும் செய்தார்.

"ஒரு லிஃப்ட் போதும் சார். மிச்ச இடத்துல படியை நல்லா அகலமா கட்டிடறேன்."

பாதி ஆர்டர்தான் என்றாலும் ஆர்டர் ஆர்டர்தானே. மேலாளர் முகத்தைச் சுளித்தார், ஆனால் ஆபீஸ் நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. நேற்று பெரியப்பா அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார். வாங்குகிறவர் பார்க்கும்போது மட்டும் லிஃப்டில் ஏறிக்கொள்ள பெரியம்மா அனுமதித்திருக்கிறார். வாங்குகிறவரோடு பெரியம்மாவைப் பேச விடக் கூடாது என்று மேலாளர் தனியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.