கிருபாகரனும் கிழட்டு மோட்டாரும்

என் வீட்டுக்காரர் கிருபாகரனுக்கு ரெண்டு சம்சாரம். மூத்தவள் நான். இளையவள், காசிமேட்டில் ஒரு பழைய பைபர் படகோடு வாங்கி வந்த மோட்டார். நாங்கள் குடியிருக்கும் நூம்பலில் ஏதய்யா கடல் என்று கேட்டால், மழை வந்தால் தெருவே கடல்தான் என்பார். அம்பத்தூர் கம்பெனியிலிருந்து வந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை கிடையாது. மோட்டாரைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார்.

போன கார்த்திகை மழையில் தெரு நிஜமாகவே முழுகியது. அன்றைக்குப் பார்த்து அடுத்த வீட்டு விஜிக்கு வலி எடுத்துவிட்டது. தலைச்சன் பிள்ளை, மாசமும் நிறையவில்லை. ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அவள் புருஷன் துலுக்கானம் அவளைத் தூக்கி வந்து எங்கள் படகில் உட்கார வைத்தான்.

இவர் கயிற்றை இழுத்தார். மோட்டார் உடனே பிடித்தது. தெருமுனைகூடத் தாண்டவில்லை, நின்றுவிட்டது. இவரும் துலுக்கானமும் படகைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தார்கள். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று கார்புரேட்டரைக் கழற்றி வடித்தார். பிளக்கை மாற்றினார். மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. விஜி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள். இந்த மனுஷன் பில்டரை ஊதிக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சனியனைத் தூக்கித் தண்ணீரிலேயே போட்டிருப்பேன்.

பெட்ரோலாவது இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை உண்டு. அது முழுக்கக் காய்ந்த சந்தனம், மேலே குங்குமம். ஆயுத பூஜைக்கு ஐயா வைத்த பொட்டு. சாமி படத்துக்குக்கூட இவ்வளவு அழுத்தி வைத்ததில்லை. காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

"யோவ், மூச்சு வுடுற எடத்துலயாய்யா பொட்டு வெப்ப?"

தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்துக் குத்திக் கிளறினேன். அவர் மறுபடி கயிற்றை இழுத்தார். படகு தெருமுனையைத் தாண்டிப் போயிற்று.

மத்தியானம் போன் வந்தது.

"தாயம்மா, வழில ஒரு தபாகூட நிக்கல, தெரியுமா?" என்றார்.

"விஜி இன்னாய்யா ஆனா?"

"அதுவா, பொண்ணு பொறந்துகீது. ரெண்டு பேரும் நல்லாக்கீறாங்க."

திட்டுவதற்கு நல்ல வார்த்தையாக ஒன்று தேடினேன். அழுகைதான் வந்தது.