தகடு ஏற்றுக்கொள்ளாத கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் பழைய ஆய்வக மெக்கானிக் ஏழுமலை தொலைபேசியில் அழைத்தார். "சார், மல்லிகா மேடம் நம்மள வுட்டுட்டு பூட்டாங்க சார்" என்றார். அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதும் இரண்டு முறை எழுந்துவிட்டேன்.

மல்லிகா எப்படிப்பட்ட ஆய்வாளர் என்பது அவரோடு பணியாற்றிய உங்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் இறுதி. வேலப்பன்சாவடியை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் விரிவுரையாளர்கள். பாரம் ஏற்றினால் இரும்புத் தகடு எவ்வளவு வளையும் என்று கணினியில் கணிக்கும் நிரலைச் சேர்ந்து எழுதினோம். மல்லிகா ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, கணினி அறை திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். எங்கள் கட்டுரையை ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு நேர்காணல்.

அப்போதுதான் அவர், உண்மையான தகட்டில் சோதிக்க வேண்டும் என்றார்.

"ஆய்விதழ்லதான் ஏத்துக்கிட்டாங்களே, இனி எதுக்கு?" என்றேன்.

"தகடு இன்னும் ஏத்துக்கலையே சார்."

ஏழுமலை எடைகளை ஒவ்வொன்றாக வைத்தார். "மேடம், எறங்கிகினே கீது. உங்க கணக்கு இன்னா சொல்லுது?"

கணக்கு சொன்னதைப்போல் இரண்டு மடங்கு இறங்கியிருந்தது.

சோதனையில்தான் கோளாறு என்று வாதாடினேன். மல்லிகா மூன்று முறை திரும்பச் செய்யச் சொன்னார். பிறகு நான்கு நாள் நிரலை வரி வரியாகப் படித்தார். தவறு நான் எழுதிய பகுதியில் இருந்தது. தாங்கியின்மேல் சும்மா உட்கார்ந்திருந்த தகட்டு விளிம்பை, பற்றவைத்து இறுக்கியதாக எடுத்துக்கொண்டிருந்தேன்; அதனால் கணக்கில் வளைவு குறைந்துவிட்டது.

"நேர்காணல் முடியட்டும், மல்லிகா" என்று கெஞ்சினேன்.

"அதுக்குள்ள யாராவது இதை நம்பி ஒரு கூரை போட்டுட்டா?"

மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பிவிட்டார். அதில் 'எங்கள் தவறு' என்றுதான் எழுதியிருந்தார். நேர்காணலில் நான் தேறவில்லை. பொறாமையால் அவர் செய்த வேலை என்று துறையில் பேச்சு அடிபட்டது. நான் மறுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் அவரோடு பேசவும் இல்லை.

மீண்டும் பேச்சைத் தொடங்கியது அவர்தான். புதிய நிரலின் அச்சுத்தாள்களை என் மேசைமேல் வைத்தார். "இதுல தப்பு இருந்தா நீங்கதான் சார் கண்டுபிடிப்பீங்க."

ஒரு வாரம் தேடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். தன் தவறை அத்தனை மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்ட வேறொருவரை நான் பார்த்ததில்லை.

அந்த முதல் தவறு யாருடையது என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இன்று நான் சொல்கிறேன். அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு நிம்மதியின்மை. எதையும் முடிந்தது என்று கையெழுத்திடப் போனால், கை ஒரு கணம் நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கம் எனக்குத் தேவை.