போகாத விமானமும் பூட்டிய வீடும்

விமான டிக்கெட் விற்கிறவன், பறக்காத விமானத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கௌன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வயிறு வளர்த்தவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டிராவல் ஏஜென்சியில் நான் குமாஸ்தா. அந்த ஐப்பசிப் புயல் வாரத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்காது.

புயலுக்கு யார் பொறுப்பு?

மீனம்பாக்கத்தில் விமானங்கள் நின்றுபோன மறுநாள், சிங்கப்பூர் போகவிருந்த பட்டுக்கடை முதலாளி ஒருவர் ஈர வேட்டியோடு வந்து மேஜையைத் தட்டினார். மெட்ராஸில் ஓட்டலில் தங்கிய செலவை விமானக் கம்பெனி தர வேண்டுமாம். புயல், யுத்தம் என்றால் கம்பெனிக்குப் பொறுப்பில்லை. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவார்கள், இல்லையென்றால் அடுத்த விமானத்தில் இடம் போட்டுத் தந்தி அடிப்பார்கள், அவ்வளவுதான் என்று மூன்று தடவை சொன்னேன். அவர் கேட்டார்:

"அப்போ பில்ல வருண பகவான்கிட்ட நீட்டச் சொல்றியா?"

கிளம்பியவர் திரும்பக் கூடாது

அவர் கத்திக்கொண்டிருந்தபோதே ஐயம்பேட்டை கன்னியம்மாள் வந்து நின்றார். அவருக்கும் அதே விமானம்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த புருஷன் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாகக் கிடந்தார். நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார். அப்படிக் கிளம்பியவர் போன காரியம் முடியாமல் வாசற்படி மிதித்தால் ஆகாது என்பார்கள். நானும் மிதித்திருக்க மாட்டேன். அதனால் மீனம்பாக்கத்திலிருந்து நேராகத் திருப்பருத்திக்குன்றத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். முதலாளியின் கூச்சலுக்கு நடுவே நான் தலையாட்டினேன். வாசல் வரை போனவர் நின்று, இன்னொரு முறை உரக்கச் சொன்னார்:

"தந்தி வந்தா தங்கச்சி வூட்டுக்கு வரணும்பா. நம்ம வூடு பூட்டிக்கினு இருக்குது. கம்பெனிக்கு மறக்காம எழுதிடு."

கம்பெனியின் கடமை

எழுதவில்லை. மறந்துவிட்டேன், சொல்ல வேறு சாக்கு இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தங்கை புருஷன் மாற்றுப் புடவை எடுக்க ஐயம்பேட்டை வீட்டைத் திறந்திருக்கிறார். கதவுக்கு அடியில் முந்தின நாள் தந்தி கிடந்தது. அன்று காலை விமானத்தில் இடம் இருக்கிறது, உடனே வரவும் என்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் என்னிடம் ஓடி வந்தபோது விமானம் கடலைத் தாண்டியிருக்கும். தபாலாபீசுக்கு ஓடி, மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, கம்பெனி அதிகாரியிடம் கெஞ்சினேன். நல்ல மனிதர், பொறுமையாகப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"செய்ய வேண்டியதை நாங்க செஞ்சிட்டோம் சார். நீங்க எழுதிக் குடுத்த விலாசத்துக்குத்தானே தந்தி அடிக்க முடியும்?"

டிக்கெட் திரும்பி வந்தது

அடுத்த விமானத்துக்கு நாலு நாள் இருந்தது. அதற்குள் சிங்கப்பூரிலிருந்து வேறொரு தந்தி வந்துவிட்டது. புருஷன் போய்விட்டார்.

பத்து நாள் கழித்துக் கன்னியம்மாள் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். கம்பெனி முழுப் பணத்தையும் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. தப்பு என்னுடையது என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பணத்தை எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டு கேட்டார்:

"நீ தலைய ஆட்டுனியேபா, அத நம்பித்தானே நான் உக்காந்துக்கினு இருந்தேன்?"

அதற்குப் பிறகு டிக்கெட் எழுதும்போதே, விமானம் போகாவிட்டால் யார் வீட்டில் இருப்பீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொண்டேன். கிளம்பும்போதே அபசகுனமாக வாயை வைக்கிறான் என்று பாதிப் பேர் வேறு ஏஜென்டைத் தேடிப் போனார்கள்.