கமா பழகிய தொழில்

பத்திரிகை ஆபீசில் அவருக்குப் பெயர் கமா. புரூஃப் பார்ப்பவர். மற்றவர்கள் அவசரத்தில் விட்டதையெல்லாம் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்துவிட்டு, யாரிடமும் அதிகம் வாய்கொடுக்காமல் வீடு திரும்புகிறவர். அச்சை நிறுத்திவிட்டு இணையத்தில் மட்டும் நடத்துவது என்று முதலாளி முடிவெடுத்ததும், முதலில் காலியானது அவருடைய நாற்காலிதான்.

மனைவியின் தம்பி ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் நடத்தினான். கம்பெனிகளைப் பற்றி நல்லதாக நாலு வரி பேப்பரில் வரவைப்பதும், கெட்ட பெயர் வந்தால் பூசி மெழுகுவதும் அங்கே வேலை.

"எழுத்து உங்களுக்குத் தண்ணிபட்ட பாடு, அத்தான். பேச்சுதான் வரணும். பழகிக்கலாம்."

பழகினார். செய்திக்குறிப்பு எழுதுவது சுலபமாகவே வந்தது. போன்தான் எமனாக நின்றது. நிருபர்களைக் கூப்பிட்டு, பிள்ளையின் பரீட்சை, மாமியாரின் முட்டிவலி எல்லாம் விசாரித்து, பேச்சோடு பேச்சாக விஷயத்தை நுழைக்க வேண்டும். சமையலறையில் மனைவி நிருபராக நடித்தாள், கரண்டிதான் மைக்.

"எங்க, சிரிச்சுக்கிட்டே பேசுங்க பார்ப்போம்."

சிரித்தார்.

"ஐயோ, வேண்டாம். சும்மாவே பேசுங்க."

பழைய ஆபீஸ்காரர்கள் அவர் எண்ணைப் பார்த்தாலே போனைத் துண்டித்தார்கள். எடுத்தவன் ஒருவன்தான். குற்றச்செய்தி நிருபர், அவருடைய நெடுநாள் கூட்டாளி.

ஒரு மத்தியானம், மச்சானுடைய வாடிக்கையாளரின் துணிக்கிடங்கு தீப்பிடித்தது. கமா அங்கிருந்த மேனேஜரைக் கூப்பிட்டார்.

"உள்ள யாரும் இல்லையே சார்?"

"இல்லைன்னுதான் சொல்றாங்க."

அந்த 'தான்' காதில் உறுத்தியது. பக்கத்தில் மச்சான் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான். "சீக்கிரம் அத்தான், வேற யாராவது வேற மாதிரி போட்டுடுவாங்க." கமா எழுதினார்: கிடங்கினுள் எவரும் இல்லை. பிறகு கூட்டாளியைக் கூப்பிட்டார்.

"டேய் கமா, இது கம்பெனி சொல்றதா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"அது போதும்டா. போட்டுடறேன்."

செய்தி பரவியது. தீ அடங்கிய சாயங்காலம், மூட்டைகளுக்குப் பின்னால் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்திருந்த இரண்டு சுமைதூக்கிகளை வெளியே கொண்டுவந்தார்கள். உயிர் இல்லை. அவர்களில் ஒருவனின் மனைவி, போனில் அந்த வரியைப் படித்துவிட்டு, புருஷன் எங்கேயோ டீ குடிக்கப் போயிருப்பான் என்று நிம்மதியாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம்.

பழியைப் போடப் பத்திரிகைக்கு ஒரு தலை வேண்டியிருந்தது. கூட்டாளியின் வேலை போயிற்று.

மச்சான் மட்டும் தோளைத் தட்டினான். "சாயங்காலம் வரைக்கும் செய்தி நம்ம பக்கம் நின்னுச்சே, அத்தான். நீங்க சொன்னா நம்பறாங்க. தொழில் உங்களுக்குப் பிடிபட்டுடுச்சு."

அந்த வாரமே கூட்டாளியின் வீட்டுக்குப் போனார். அவனே கதவைத் திறந்தான்.

"வாங்க சார். உட்காருங்க."

திட்டுவான், சட்டையைப் பிடிப்பான் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போயிருந்தவருக்கு, அந்த 'சார்' நெஞ்சில் இறங்கியது. டீ வந்தது. வெயில் அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் கமா வாயைத் திறந்தார்.

"நடந்த சம்பவத்துக்கு நான் ரொம்ப வருந்துறேன்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. மச்சானின் ஆபீசில் கம்பெனிகளுக்காக அவர் எழுதிக் கொடுக்கும் வாக்கியம் அது.

கூட்டாளி கோபப்படவில்லை. "எழுதிப் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டான்.

வேறு வேலை தேடிப் பார்த்தார். புரூஃப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்ல ஊரில் எவரும் இல்லை. திங்கட்கிழமை குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, மச்சானின் ஆபீசுக்கே போனார்.

பழி கூட்டாளியோடு நின்றுபோக, இப்போது நிருபர்கள் போனை எடுக்கிறார்கள். அவரும் தங்குதடையின்றிப் பேசுகிறார். வீட்டில்தான் பேச்சு அற்றுப்போயிற்று. "எங்கிட்டயும் நாலு வார்த்தை பேசினா என்னங்க?" என்று மனைவி கேட்டுப் பார்த்தாள். கமா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னாலும் அவள் நம்பிவிடுவாளே என்று அவருக்குப் பயமாக இருந்தது.